வரைந்தவர் ஊரில் இல்லை, வீடு எழும்பியது

எங்கப்பா கான்ட்ராக்டர். மேம்பாலம், மெட்ரோ என்று வேலை எடுக்கிற பெரிய கான்ட்ராக்டர் இல்லை. எங்க ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வருஷத்துக்கு மூணு வீடு, நாலு வீடு கட்டிக் கொடுப்பார். கொத்தனாராகத் தொடங்கி, மேஸ்திரியாகி, இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறார். கிரகப்பிரவேசத்தன்று வீட்டுக்காரர்கள் அப்பாவுக்கு வேட்டி, சட்டை வைத்துக் கொடுப்பார்கள். வாசலில் பதிக்கிற கல்லில் வீட்டின் பேர் இருக்கும், வருஷம் இருக்கும், சில சமயம் பிளான் போட்ட இன்ஜினியர் பேரும் இருக்கும். அப்பா பேர் இருந்து நான் பார்த்ததில்லை. அது ஒரு குறை என்றும் போன செமஸ்டர் வரைக்கும் எனக்குத் தோன்றியதில்லை.

போன செமஸ்டரில் கட்டடக்கலை வரலாறு எங்களுக்கு எலெக்டிவ் பேப்பர். அதில் ஒரு ஸ்லைடு வந்தது. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் இருக்கிற ராபி வீடு, 1910. கட்டியவர் ஃபிராங்க் லாய்ட் ரைட். "தஞ்சாவூர் பெரிய கோயிலைக் கட்டினது யாரு?" "கொத்தனாரு" என்று சின்ன வயசில் எல்லாரும் சொல்லிச் சிரித்த கடி ஜோக் எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்கூலில் தமிழ் எனக்கு இரண்டாம் மொழிதான், மார்க்கும் சுமார்தான். இருந்தாலும் 'வரைந்தவர்', 'கட்டியவர்' என்று இரண்டு தனித்தனி வார்த்தைகள் தமிழில் இருக்கின்றன என்பது எனக்கே தெரியும். ரைட் வரைந்தார், சரி. கட்டியது யார்? அன்று ஹாஸ்டலுக்கு வந்து தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. சிவில் பசங்களுக்காக எழுதுகிறேன், ஆனால் மற்ற டிபார்ட்மென்ட்காரர்களும் படிக்கலாம். கணக்கு இரண்டே இடத்தில்தான் வரும்.

முதலில் வீட்டுக்காரரைப் பார்த்துவிடலாம். ஃபிரெடரிக் ராபி என்ற இளைஞர். சைக்கிள் வியாபாரத்தில் சம்பாதித்த அப்பாவின் கம்பெனியில் வேலை. வீடு கட்டத் தொடங்கும்போது முப்பது வயசுகூட நிறையவில்லை. மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள். சிகாகோவின் தெற்கே ஹைட் பார்க் பகுதியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஒரு மூலை மனை வாங்குகிறார். 60 அடி அகலம், 180 அடி நீளம். நம்ம ஊர்க் கணக்கில் கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் 25 சென்ட்.

அவர் கேட்டது என்ன என்று பார்த்தால் இன்றைக்கும் கிளையன்ட் கேட்கிற மாதிரியே இருக்கும். வீடு சின்னச் சின்ன டப்பா டப்பாவாக இருக்கக் கூடாது. தீப்பிடிக்கக் கூடாது. உள்ளே இருந்து தெருவைப் பார்க்க வேண்டும், தெருவில் போகிறவர் உள்ளே பார்க்கக் கூடாது. குழந்தைகள் ரோட்டுக்கு ஓடாமல் இருக்க மதில் வைத்த தோட்டம் வேண்டும். 1909ல் கார் என்பதே புதுசு, அவர் மூன்று கார் நிறுத்துகிற ஷெட்டை வீட்டோடு சேர்த்தே கேட்கிறார். ஒதுக்கிய பணம் 60,000 டாலர்.

இதற்கெல்லாம் ரைட் போட்ட பிளான், இரண்டு நீளமான செவ்வகங்களை அருகருகே வைத்து ஒன்றை ஒன்று லேசாகத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். கீழ்த்தளத்தில் பில்லியர்ட்ஸ் அறையும் குழந்தைகள் விளையாடும் அறையும். முதல் மாடியில் ஹாலும் சாப்பாட்டு அறையும். நடுவில் சுவர் கிடையாது, கணப்பு அடுப்பும் அதன் புகைபோக்கியும் மட்டும்தான் இரண்டையும் பிரிக்கும். அந்தப் புகைபோக்கிக்கும் மேல் பகுதியில் ஒரு திறப்பு விட்டிருப்பதால் கூரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாகத் தெரியும். தெற்குப் பக்கம் வரிசையாக 12 கண்ணாடிக் கதவுகள், வெளியே நீளமான பால்கனி. படுக்கையறைகள் அதற்கும் மேலே. வீடு முழுக்க 174 வண்ணக் கண்ணாடிப் பலகைகள். மூன்று தளம் இருந்தும் போட்டோவில் பார்த்தால் மாடி வீடு மாதிரியே தெரியாது. தரையோடு படுத்துக் கிடப்பது போல இருக்கும். காரணம், எல்லாக் கோடும் படுக்கைக் கோடு. கூரை, பால்கனி, மதில், கடைசியில் செங்கல் கூட.

இப்போது கட்டியவருக்கு வருகிறேன். ஹெச். பி. பர்னார்ட் கம்பெனி, சிகாகோ. வேலை தொடங்கியது 1909 ஏப்ரல் 15. பர்னார்ட் கைக்கு வந்த வரைபடங்கள் ரைட்டின் ஓக் பார்க் ஸ்டுடியோவில் தயாரானவை. ஆரம்பத்தில் சந்தேகம் வந்தால் போய்க் கேட்க ரைட் ஊரில் இருந்தார். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் அதுவும் போயிற்று. ரைட் தன் மனைவியையும் ஆறு குழந்தைகளையும் விட்டுவிட்டு, ஒரு கிளையன்ட்டின் மனைவியோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். பத்திரிகைகளில் நாறிப்போன விவகாரம் அது. கையில் இருந்த வேலைகளை ஹெர்மன் வான் ஹோல்ஸ்ட் என்ற இன்னொரு கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்த ஆபீசில் மேரியன் மஹோனி இருந்தார். எம்.ஐ.டி.யில் 1894ல் ஆர்க்கிடெக்சர் பட்டம் வாங்கியவர், ரைட்டின் ஸ்டுடியோவில் வருஷக் கணக்கில் வரைந்தவர். (ஸ்லைடில் அவர் பேரும் இல்லை. இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம், எழுதுவேன்.) உள்ளே மேஜை நாற்காலி, கம்பள வேலைகளை ஜார்ஜ் நீடெக்கன் என்பவர் பார்த்துக்கொண்டார்.

1910 மே மாதம் ராபி குடும்பம் குடியேறியது. ரைட் அமெரிக்கா திரும்பியது அக்டோபரில். இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான வீடுகளில் ஒன்று என்று பாடப்புத்தகம் சொல்கிற வீட்டில் ஆட்கள் குடிபோய் ஐந்து மாதம் ஆன பிறகுதான் அதை வரைந்தவர் ஊர் திரும்புகிறார்.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். அப்பாவின் சைட்டுகளில் நான் பார்த்த கதை அப்படியே இது. பிளான் போட்டவர் அஸ்திவாரத்தன்று வருவார், கான்கிரீட் போடுகிற அன்று வருவார், நடுவில் போன் எடுக்க மாட்டார். "கட்டியவர் ரைட்" என்ற ஸ்லைடைக் கிழித்துப் போட வேண்டும் என்ற வேகத்தில் மேலே படித்தேன். அப்புறம்தான் என் கோபத்துக்கு ஒரு அடி விழுந்தது. ராபி வயதான காலத்தில், 1958ல், தன் வீட்டைப் பற்றி ஒரு பேட்டி கொடுத்திருக்கிறார். அதில் கான்ட்ராக்டர் தன்னிடம் சொன்னதாக ஒரு விஷயம் வருகிறது. வரைபடங்கள் அவ்வளவு துல்லியமாக இருந்ததால், வீடு கட்டின மாதிரி இல்லை, ஏதோ மெஷின் செய்த மாதிரி இருந்தது என்றாராம்.

ஒரு கான்ட்ராக்டர் வாயிலிருந்து வரைபடத்துக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் வராது, அது எனக்கு நல்லாவே தெரியும். எங்கப்பா பிளானைக் கையில் வாங்கியதும் முதலில் உச்சுக்கொட்டுவார்.

அந்த வரைபடத்தில் அப்படி என்ன சிரமம் இருந்தது, பர்னார்டின் ஆட்கள் எதைச் சமாளித்தார்கள் என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய பாடம். மூன்று விஷயத்தைச் சொல்கிறேன்.

ஒன்று, கூரை. மேற்குப் பக்கம் கூரை கடைசிச் செங்கல் தூணைத் தாண்டி சுமார் 20 அடி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கான்டிலீவர். 1909ல் மரச் சட்டம் மட்டும் வைத்து அப்படி நீட்டினால் கொஞ்ச நாளில் நுனி தொங்கிவிடும். ஏன் என்று இரண்டாம் வருஷ ஃபார்முலா சொல்லும். சீரான பாரம் தாங்கும் கான்டிலீவரின் நுனி இறக்கம் நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். அதாவது 10 அடியை 20 அடி ஆக்கினால் இறக்கம் இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும். இன்னொரு கணக்கு: அதே பீமை, அதே பாரத்தோடு, இரண்டு பக்கமும் சுவரில் உட்கார வைத்தால் நடுவில் வரும் இறக்கத்தைப் போல 9.6 மடங்கு, ஒரு பக்கம் மட்டும் பிடித்து நீட்டினால் நுனியில் வரும். ஃபார்முலா ஷீட்டை எடுத்து ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள். அதனால்தான் கூரைக்குள்ளும் பால்கனிக்குள்ளும் நீள நீளமான இரும்பு பீம்கள் ஓடுகின்றன. பெரிய கடைவீதிக் கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் போடுகிற சமாச்சாரம் அது. வெளியே ஒன்றும் தெரியாது. பூச்சும் மரமும் மூடிவிடும். வீட்டு வேலைக்குப் பழகின ஒரு தச்சரிடம் அத்தனை நீள இரும்பைத் தூக்கி மட்டம் பார்த்து உட்கார வைக்கச் சொன்ன அன்று சைட்டில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று எனக்குக் கற்பனை பண்ண முடிகிறது.

இரண்டு, செங்கல். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம்ம ஊர்ச் சூளைச் செங்கல் சுமார் 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம். ராபி வீட்டில் வெளிப்பக்கம் வைத்தது ரோமன் செங்கல் என்ற வகை. நீளம் கிட்டத்தட்ட ஒரு அடி, உயரம் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். பட்டையாக, நீளமாக, பிஸ்கட் மாதிரி. செந்நிறத்தில் இரும்புப் புள்ளிகள் தெறித்திருக்கும். வித்தை செங்கல்லில் இல்லை, கலவையில். படுக்கை இணைப்புகளில் வெளிர் நிறக் கலவை வைத்து, அதை உள்ளே சுரண்டி எடுத்து, நிழல் விழுகிற மாதிரி ஆழமாக விட்டார்கள். நிற்கிற இணைப்புகளில் செங்கல் நிறத்திலேயே கலவை கலந்து, செங்கல் முகத்தோடு சமமாக நிரப்பினார்கள். விளைவு? நிற்கிற கோடு கண்ணுக்கு மறைந்துவிடும். படுக்கைக் கோடு மட்டும் வீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஓடும்.

படிக்க நன்றாக இருக்கிறது. செய்கிறவர் பக்கம் இருந்து பாருங்கள். ஒரே சுவருக்கு இரண்டு நிறக் கலவை, இரண்டு தட்டு. ஒரு நிறம் இன்னொன்றின் மேல் வழிந்தால் போச்சு. செங்கல் உயரம் பாதியாகிவிட்டதால் வரிசை எண்ணிக்கை இரண்டு மடங்கு. ஒரு வரிசையில் நூல் அளவு மட்டம் தப்பினாலும் அந்த ஆழமான நிழல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பூசி மறைக்கவும் வழியில்லை. எங்கப்பா அடிக்கடி சொல்வார், "பூச்சு இருக்கிற வரைக்கும் கொத்தனாருக்குக் கவலை இல்லம்மா". இங்கே பூச்சு இல்லை. அந்தச் சுவரை வைத்தவர்களின் பேர் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை.

மூன்றாவது, கூரையின் விளிம்பு. இதில் இரண்டாவது கணக்கு வருகிறது. சிகாகோ சுமார் 41.8 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் 21 நடுப்பகலில் சூரியன் அங்கே 71.6 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பர் 21 நடுப்பகலில் வெறும் 24.8 பாகைதான். தெற்குச் சுவருக்கு மேல் கூரை 1 அடி நீட்டினால், ஜூனில் அதன் நிழல் சுவரில் 3 அடி இறங்கும். டிசம்பரில் அரை அடிகூட இறங்காது. அதாவது அளவு சரியாக வைத்தால், வெயில் காலத்தில் அந்த 12 கண்ணாடிக் கதவுகளும் நிழலில் இருக்கும், குளிர் காலத்தில் வெயில் நேராக ஹாலுக்குள் வந்து விழும். தனியாக ஒரு மெஷினும் வேண்டாம். ஒரு எச்சரிக்கை. இதே கணக்கை அப்படியே நம்ம ஊருக்குப் போடாதீர்கள். சென்னை 13 பாகையில் இருக்கிறது. ஜூன் நடுப்பகலில் இங்கே சூரியன் தலைக்கு மேலே கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். நமக்குத் தொல்லை கொடுப்பது சாயங்கால மேற்கு வெயில்தான், அதற்கு இந்த விளிம்பு உதவாது.

மொத்தச் செலவு மனை, கட்டுமானம், உள்சாமான் எல்லாம் சேர்த்து சுமார் 58,500 டாலர். பட்ஜெட்டுக்குள் முடிந்தது. ரைட்டின் பல வீடுகளைப் பற்றி இந்த வாக்கியத்தை எழுத முடியாது.

அதற்காக ரைட்டின் வரைபடம் எப்போதுமே தெய்வ வாக்கு என்று நினைக்க வேண்டாம். பிற்காலத்தில் அவர் வரைந்த ஃபாலிங்வாட்டர் வீட்டை, அருவி மேல் நிற்கும் அந்த வீட்டை, நம்மில் பல பேர் வால்பேப்பராக வைத்திருக்கிறோம். அதில் முதல் மாடி கான்கிரீட் பீம்களுக்கு அவர் காட்டிய கம்பி போதாது என்று வீட்டுக்காரர் அமர்த்திய இன்ஜினியர்கள் சொல்லி, அவருக்குத் தெரியாமல் கம்பி இரண்டு மடங்காகப் போடப்பட்டது. தெரிந்ததும் ரைட் கொதித்துப்போனார். பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இரண்டு மடங்கும் போதவில்லை. தொங்கிக்கொண்டே வந்த தளத்தை 2002ல் கேபிள் விட்டு இழுத்துப் பிடித்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஆக, பர்னார்டுக்குக் கிடைத்தது நல்ல வரைபடம். எல்லா கான்ட்ராக்டருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை.

ராபி குடும்பத்தின் கதை சந்தோஷமானது இல்லை. வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1909ல், அவருடைய அப்பா இறந்துபோனார். அப்பா விட்டுப்போன கடனை மகன் ஏற்றுக்கொண்டார். திருமண வாழ்க்கையும் முறிந்தது. குடியேறி இரண்டு வருஷம் ஆகவில்லை, 1911 டிசம்பரில் வீட்டை விற்றுவிட்டார். வாங்கிய டேலர் என்பவர் அடுத்த வருஷமே இறந்தார். அதன் பிறகு வந்த வில்பர் குடும்பம் 14 வருஷம் இருந்தது. 1926ல் அவர்கள் வீட்டைச் சிகாகோ இறையியல் கல்லூரிக்கு விற்றார்கள். அத்தோடு அது வீடாக இருந்த காலம் முடிந்தது.

கல்லூரிக்கு வேண்டியிருந்தது மனை. வீட்டை ஹாஸ்டலாகவும் சாப்பாட்டுக் கூடமாகவும் வைத்துக்கொண்டார்கள், என்றாவது இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்ற எண்ணத்தோடு. ஹாஸ்டலில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஒரு கட்டடம் ஹாஸ்டலானால் என்ன ஆகும் என்று.

1941ல் இடிக்கும் திட்டம் தயாரானது. அது வெளியே தெரிந்த விதம்தான் அழகு. இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் ஒரு மாணவர் தற்செயலாக அந்தத் திட்டத்தைக் கண்டுபிடித்து, தன் ஆசிரியர்களிடம் போய்ச் சொல்கிறார். அந்த ஆசிரியர்களில் ஒருவர் மிஸ் வான் டெர் ரோ. எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு போர் வந்து எல்லாத் திட்டமும் நின்றது. நம்ம மாதிரி ஒரு டெக்னிக்கல் காலேஜ் ஸ்டூடன்ட். கண்ணில் பட்டதைக் கண்டும் காணாமல் போயிருக்கலாம், போகவில்லை.

1957 மார்ச்சில் மறுபடியும் அறிவிப்பு வந்தது. இந்தத் தடவை தேதியோடு: செப்டம்பரில் இடிப்பு, அந்த இடத்தில் மாணவர் விடுதி. ரைட்டுக்கு அப்போது 89 வயசு. தன் வாழ்நாளில் தான் வரைந்த எத்தனையோ கட்டடங்கள் இடிபட்டதைப் பார்த்தவர், இதற்கு நேரில் வந்தார். பத்திரிகைக்காரர்கள், மாணவர்கள் சூழ வீட்டைச் சுற்றி நடந்து, இது இன்னும் உறுதியாக நிற்கிறது என்று வாதாடினார். பக்கத்தில் இருந்த மாணவர் சங்கங்கள் இரண்டு, எங்கள் கட்டடங்களை எடுத்துக்கொள்ளுங்கள், இதை விட்டுவிடுங்கள் என்று முன்வந்தன. 1958ல் நியூயார்க்கைச் சேர்ந்த ரியல் எஸ்டேட் முதலாளி வில்லியம் ஜெக்கன்டார்ஃப் வீட்டை விலைக்கு வாங்கி இடிப்பைத் தடுத்தார். ரியல் எஸ்டேட்காரர் காப்பாற்றிய பழைய வீடு! நம்ப முடியாதுதான், ஆனால் நடந்தது. தன் கம்பெனியின் சைட் ஆபீசாகக் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு, 1963ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே வருஷம் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் கிடைத்தது. அதன் பின்னும் ஆபீசாகத்தான் ஓடியது. 1997ல்தான் ரைட்டின் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்து, சீரமைப்பு ஒழுங்காகத் தொடங்கியது. முதலில் வெளிப்புறம், அப்புறம் உள்ளே. உள்வேலை முடிந்தது 2019ல். அதே வருஷம் ஜூலையில் ரைட்டின் எட்டுக் கட்டடங்களைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது, ராபி வீடு அதில் ஒன்று. கட்டி முடிக்க ஒரு வருஷம், பழைய நிலைக்குக் கொண்டுவர இருபது வருஷத்துக்கு மேல்.

ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டால், பணம் சேர்வது ஒரு காரணம். இன்னொரு காரணம் நமக்குத் தொழில் சம்பந்தமானது. சிகாகோவில் குளிர்காலத்தில் தண்ணீர் உறையும். செங்கல் இடுக்கில் இறங்கிய தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பிறகு உருகும், மறுபடி உறையும். ஒவ்வொரு தடவையும் இடுக்கு கொஞ்சம் பெரிதாகும். பால்கனிக்குள் இருக்கிற இரும்பைத் தண்ணீர் தொட்டால் துரு. துரு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், மேலே உள்ள செங்கல்லைத் தள்ளி விரிசல் விடும். அந்தக் காலத்தில் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்து வைத்த இரும்பை, இப்போது செங்கல்லைப் பிரித்துத்தான் பார்க்க முடியும். பிரித்ததை மறுபடி அதே மாதிரி வைக்க வேண்டும். அதே பட்டைச் செங்கல், அதே இரண்டு நிறக் கலவை, படுக்கையில் அதே ஆழம், நிற்கிறதில் அதே சமம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கொத்தனார் கை செய்ததை, இன்னொரு கொத்தனார் கைதான் திரும்பச் செய்ய முடியும். உள்ளேயும் இதே கதைதான். அடுக்கடுக்காக அடித்த பெயின்ட்டைச் சுரண்டி 1910ல் இருந்த நிறத்தைத் தேடினார்கள். கணப்புக்குப் பக்கத்தில் இருந்து, பிறகு பிடுங்கப்பட்டுவிட்ட மர இருக்கையைத் திரும்பச் செய்து வைத்தார்கள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். இறுதி ஆண்டு ப்ராஜெக்டில் என் டீம் ஒரு மாடி வீடு டிசைன் பண்ணியிருக்கிறோம். முன்னால் 2 மீட்டர் கான்டிலீவர் பால்கனி. ராபி வீட்டைப் பார்த்த பாதிப்புதான், ஒளிக்க ஒன்றுமில்லை. சாஃப்ட்வேரில் எல்லாம் பச்சை காட்டியது. ரிவ்யூவில் பேனல் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னோம். பொங்கல் லீவில் பிரின்ட்டை அப்பாவிடம் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகவே.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். உச்சுக்கொட்டவில்லை. அப்புறம் பால்கனி மேல் விரலை வைத்து, "வாட்டம் எந்தப் பக்கம்மா?" என்றார்.

நான் முழித்தேன். தளம் மட்டமாகத்தான் வரைந்திருந்தோம்.

"மழைத் தண்ணி எங்க போகும்? ஓரத்துல வழிஞ்சு அடியில ஓடி வந்து சுவத்துல ஏறும். கம்பி மேலாப்புல போட்டிருக்க, அது சரி. ஆனா மேலதான் தண்ணியும் நிக்கும்."

கான்டிலீவரில் இழுவிசை மேல்பக்கம், அதனால் கம்பியும் மேல்பக்கம் என்று நான்கு வருஷம் படித்தேன். அங்கேதான் தண்ணீரும் நிற்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. வாட்டம் வெளிப்பக்கமா, உள்பக்கமா, குழாய் எங்கே, நுனிக்கு அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி விட வேண்டுமா, எதுவும் எங்கள் தாளில் இல்லை. நான் ஊரில் இல்லாவிட்டால் இந்த வீட்டை யாராலும் கட்ட முடியாது. சரியாகச் சொன்னால், என் தாளில் இல்லாததையெல்லாம் அப்பா மாதிரி ஒருவர் சைட்டில் நின்று யோசித்துக் கட்டிவிடுவார். ஸ்லைடில் என் பேர் வரும்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு ராபி வீட்டுப் படங்களை லேப்டாப்பில் காட்டினேன். கூரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிகளைப் பார்த்தார், "துடைக்கிறதுக்கே ஒரு ஆள் வேணும்" என்றார். செங்கல் சுவரின் கிட்டத்துப் படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். பெரிதாக்கச் சொன்னார். நிற்கிற இணைப்பு எங்கே என்று கொஞ்ச நேரம் தேடினார். கண்டுபிடித்ததும் சிரித்துவிட்டார்.

"இதுக்குக் கூலி எப்படிப் போட்டாங்க? சதுர அடிக்கா, நாள் கணக்கா?"

அது எனக்குத் தெரியவில்லை. ப்ராஜெக்ட் ஷீட்டில் இப்போது வாட்டம் 100க்கு 1 என்று வெளிப்பக்கம் அம்புக்குறி போட்டிருக்கிறோம், நுனியில் காடிக்குத் தனிப் படம் வரைந்திருக்கிறோம். அடுத்த ரிவ்யூ வரும் மாதம்.